தேநீர் வரிசையில் போன அணை

இகூமோ,
கிட்டுயி.

அன்பு மகள் மும்புவாவுக்கு, ஓய்வுபெற்ற உதவி ஊர்த்தலைவரும் உன் அப்பாவுமாகிய முவின்சி எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இரண்டு கழுதைகளும் இங்கே சுகம். நைரோபியில் சித்தி வீட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாயாக. நீ என் போனை எடுப்பதில்லை. கடிதத்தை யாரும் கட் பண்ண முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீயும் உன்னோடு சேர்ந்த பதின்மூன்று பிள்ளைகளும் ஐந்து மாதம் நம் ஆற்றை அளந்து, படம் போட்டு, வார்டுக்கு வந்த பருவநிலை நிதியில் மணல் அணை கட்டினால் மழைத் தண்ணீர் மணலுக்குள்ளேயே தங்கும், பெண்கள் கேனைத் தூக்கிக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடக்க வேண்டாம் என்று கூட்டத்தில் அழகாகத்தான் சொன்னீர்கள். ஆனால் வார்டு உறுப்பினர் கிலோன்சி அதே பணத்தில் சந்தை வாசலில் வரவேற்பு வளைவு கட்டலாம் என்றார். அதில் பருவநிலை எங்கே வருகிறது என்று நீ கேட்டதற்கு, "வளைவுக்குக் கீழ நெழல் விழும்ல, தாயீ!" என்றார். நானும் கைதட்டிவிட்டேன். முப்பது வருஷமாக மேடையில் யார் பேசினாலும் தட்டிப் பழகிய கை.

எது வேண்டும் என்று ஓட்டெடுக்க வந்த வார்டு அதிகாரி அம்மா சீட்டைக் கொண்டுவர மறந்துபோனார். பழையபடி ஜனங்கள் வரிசையில் நிற்கட்டும், தலையை எண்ணிக்கொள்ளலாம் என்று சொன்னது தலைமை தாங்கிய நான்தான். அணை வேண்டுவோர் உன் பின்னால் வெயிலில். வளைவு வேண்டுவோர் கிலோன்சியின் பின்னால், குடைவேல மரத்தடியில், தேநீர் அண்டாவுக்குப் பக்கத்தில். நீ ஓடிவந்து, "அப்பா, எண்ணி முடிக்கிற வரைக்கும் டீயை ஆரம்பிக்காதீங்க" என்று காதில் சொன்னாய், நானும் தலையாட்டினேன், உடனே கிலோன்சி, "என்ன பெரியவரே, ஜனம் மூணு மணி நேரமா காஞ்சு கெடக்குது, உங்க தலைமையில வாய நனைக்கக்கூடக் குடுத்து வைக்கலையா?" என்றாரா, ரோஷம் வந்து மூடியைத் திறக்கச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். டீயோடு வைத்திருந்த மாண்டாசிப் பணியார வாசனைக்கு உன் வரிசை அப்படியே இந்தப் பக்கம் சாய்ந்தது. உன் பிள்ளைகளும் காது கேட்காத காசியோக்காவும்தான் மிச்சம். அதிகாரி அம்மா கோப்பையோடு நின்றவர்களையெல்லாம் வளைவுக்கு என்று எழுதிக்கொண்டார். உன் அம்மாவும் அதில் ஒருத்தி. "குடிச்சிட்டுத் திரும்பிப் போய் நின்னுக்கலாம்னு நெனச்சேன்" என்று இன்னும் அழுகிறாள்.

நீ கத்தியிருந்தால் பழைய அதிகாரத்தில் "உட்காரு புள்ள" என்று அதட்டியிருப்பேன். நீயோ படங்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மகளே. நேற்று உன் அம்மா விடியலில் போய் மத்தியானம் ஒரு கேன் கலங்கல் தண்ணீரோடு வந்தாள். "உங்க டீ ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

உன் நண்பன் முத்திந்தா வந்திருந்தான். "ஐயா, ஜனம் டீக்காகத்தான் நின்னுதுன்னு நீங்களே எழுதிக் குடுத்தா மறு ஓட்டு கேக்கலாம். மனு குடுக்க இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு" என்றான். இந்த வயதில் ஊர் சிரிக்க நான் எழுதித் தருவதாவது என்று அனுப்பிவிட்டேன். நடந்தது நடந்துவிட்டது. மனசைத் தேற்றிக்கொண்டு வீடு வந்து சேர்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உன் நிழல் படும் இடமெல்லாம் குளிரட்டும். சித்திக்கு என் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா முவின்சி

பி.கு.: மேலே எழுதியதை நம்பாதே. மூடியைத் திறந்தது ரோஷத்தில் இல்லை. வளைவின் நெற்றியில் என் பெயரைப் பொறிப்பதாகக் கிலோன்சி முந்தின நாளே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார். அண்டாவை அந்த மரத்தடியில் வைக்கச் சொன்னதும் நான்தான். இந்தக் கடிதத்தை, பின்குறிப்பில் இதுவரை எழுதியதோடு, நகல் எடுத்து இன்று அதிகாரி அம்மாவிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிட்டேன். மறு ஓட்டு வருமா, தெரியவில்லை. வந்தால், என்னைத் தலைமை தாங்க விடாதே.