அரை ஆழாக்கு பீட்ரூட் சாறும் உன் அக்காவும்

செஞ்சி,
சித்திரை 9, புதன்கிழமை காலை.

அன்பும் உரிமையும் உள்ள மச்சான் எழிலரசனுக்கு, மாமா விநாயகம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அக்கா மகாலட்சுமியும் சுகமாக இருக்கிறோம். அங்கு நீயும் அமலாவும் பிள்ளைகளும் உன் மருந்துக்கடையில் இருக்கிற மருந்து ஒன்றுகூடத் தேவைப்படாமல் நன்றாக இருக்க சிங்கவரம் ரங்கநாதரை வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குத் தபால் போடுகிறான் என்று கேட்பாய். உன் அக்கா ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னைப் பேசவே விடுகிறாள். அவளைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லி அது அவள் காதில் விழுந்தால், நான் என்ன தப்பு செய்துவிட்டு இப்படிக் குழைகிறேன் என்று அன்று முழுக்க விசாரணை நடக்கும். ஆனால் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. தை மாதம் நீ போனில் விழுந்து விழுந்து சிரித்தாய் அல்லவா, எட்டாவது படித்த அக்கா வைத்தியம் பார்க்கிறது, மாமா மாடு மாதிரி கிழங்கு தின்கிறார் என்று? அந்தச் சிரிப்பை நீ திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு விஷயம் பாதிதான் தெரியும். பொங்கல் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.3 என்று வந்தது. ரத்த அழுத்தம் 146. இது இன்னும் சர்க்கரை நோய் இல்லை, அதன் வாசற்படி, ஆறரையைத் தொட்டால் நோய்தான், இப்போதே மாத்திரை ஆரம்பித்துவிடலாமா என்று டாக்டரம்மா கேட்டார். முப்பத்து நாலு வருஷம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நெல்லும் மல்லாட்டைக் கடலையும் எடை போட்டவன் நான். முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே சர்க்கரையில் எங்கள் நைனாவுக்குக் காலை எடுத்தார்கள், அப்புறம் ஆறு வருஷம் உன் அக்காதான் அவருக்குப் புண் கழுவிக் கட்டினாள். டாக்டரம்மாவிடமும் அவள்தான் பேசினாள். "மூணு மாசம் எங்கிட்ட உடுங்கம்மா. அப்பறம் நீங்க இன்னா சொன்னாலும் கேக்கறோம்" என்றாள். டாக்டரம்மாவும் சரி என்றார். நான் என் காலைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

அன்று சாயந்திரமே சென்னையில் லேபில் வேலை செய்யும் என் பெண் பாரதிக்குப் போன் போனது. பீட்ரூட்டிலும் கீரையிலும் நைட்ரேட் என்று ஒரு உப்பு இருக்கிறதாம், அது ரத்தக் குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கிறதாம், சர்க்கரைக்கும் உதவுமா என்று இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம். உதவும் என்று அடித்துச் சொல்ல முடியாது, கிழங்கிலேயே இனிப்பு இருக்கிறது, அதனால் அளவு முக்கியம் என்று பாரதி பத்துத் தடவை சொன்னாள். உன் அக்கா டாக்டரம்மாவிடமும் கேட்டுக்கொண்டு வந்து, காலை அரை ஆழாக்கு, மாலை அரை ஆழாக்கு, ஒரு சொட்டு கூடாது குறையாது என்று ஆரம்பித்தாள். சோறு பாதியானது. விடியற்காலையில் கோட்டை வரைக்கும் நடை. பக்கத்து வீட்டு ரத்தினம்மாளிடம் அழுத்தம் பார்க்கிற மிஷினைக் கேட்டு வாங்கி, தினமும் வருகிற எண்ணைத் தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் குறித்து ஊக்கில் கோத்து வைத்தாள். எங்கள் விற்பனைக் கூடத்தில்கூட அவ்வளவு ஒழுங்காகப் பதிவேடு இருந்ததில்லை, மச்சான்.

மூன்றாம் நாள் காலையில் நான் கழிவறையிலிருந்து கத்திக்கொண்டே வெளியே வந்தேன். சிறுநீர் சிவப்பாகப் போகிறது. என் கதை முடிந்தது என்று எனக்கு நானே தீர்மானித்து, உன் அக்காவிடம் சொன்னால் பயந்துவிடுவாள் என்று பஜாருக்குப் போவதாகப் பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வரிசையில் எனக்கு முன்னால் இருந்த பனமலைக்காரர் ஒருவரிடம் என் பெண்ணின் கல்யாணத்தைக்கூட நான் பார்க்கப்போவதில்லை என்று சொல்லி அழுதேன். அவரும் சேர்ந்து அழுதார். உள்ளே நர்ஸ் அம்மா என் வாயைப் பார்த்துவிட்டு, "பீட்ரூட் சாப்டீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டார். திரும்பி வரும்போது அந்தப் பனமலைக்காரர் முகத்தில் முழிக்க முடியவில்லை.

அதாவது போகட்டும். வாய்தான் பெரிய தொல்லையாகிவிட்டது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வாயில் புண் வந்தபோது, இனி வெற்றிலை புகையிலை தொடுவதில்லை என்று உன் அக்கா எதிரில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவன் நான். இப்போது பல்லும் உதடும் செக்கச் செவேல் என்று இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? டீக்கடையில் பச்சமுத்து என்னைப் பார்த்தான். "இன்னா வெநாயகம், மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று எல்லார் எதிரிலும் கேட்டான். பீட்ரூட் என்று சொன்னேன், ஒருத்தரும் நம்பவில்லை. நானே நம்பியிருக்க மாட்டேன். அன்றைக்குத்தான், அந்தப் புண்ணுக்காக நீ உன் கடையிலிருந்து கொடுத்தனுப்பிய வாய் கொப்பளிக்கிற நீல மருந்து ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவையும் சாற்றைக் குடித்த கையோடு பாத்ரூமுக்குப் போய், கண்ணில் தண்ணீர் வரும் வரை கொப்பளித்துத் துப்பினேன். பாட்டிலைத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். பல் வெள்ளையாகிவிட்டது, மானமும் தப்பியது என்று நினைத்தேன்.

ரெண்டு மாசம் ஆகியும் அழுத்தம் 145, 144 என்றே நின்றது. உன் அக்கா என்னைத் திட்டவில்லை. கிழங்கை மாற்றினாள், உப்பைக் குறைத்தாள், தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பங்குனியில் தளவானூரில் எங்கள் அண்ணன் நிலத்தில் மல்லாட்டை பிடுங்க நாலு நாள் போனோம். வயர் கூடையில் மிஷினும் பீட்ரூட்டும் கூடவே வந்தன. பாட்டில் மட்டும் டிரம்முக்குப் பின்னால் இருந்தது. அங்கே மூன்றாம் நாள் 136, நாலாம் நாள் 133. நான் கிராமத்துக் காற்று என்றேன். செஞ்சிக்குத் திரும்பிய ரெண்டாம் நாள் மறுபடியும் 144. அவள் காற்றையெல்லாம் ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை. தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி, அங்கே நான் என்ன தின்றேன், எத்தனை மணிக்குப் படுத்தேன், எவ்வளவு நடந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கழித்துக்கொண்டே வந்தாள். எதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் என் கிட்டே வந்து முகர்ந்து பார்த்தாள். "ஜூஸ் குடிச்ச வாயில புதினா வாசன இன்னாத்துக்கு வருது?" என்றாள்.

பாட்டில் வெளியே வந்தது. பாரதிக்குப் போன் போனது. அந்த உப்பை அப்படியே உடம்பு எடுத்துக்கொள்ளாதாம். நாக்கில் குடியிருக்கிற நல்ல கிருமிகள்தான் அதை மாற்றிக் கொடுக்க வேண்டுமாம். கொப்பளிக்கிற மருந்து அந்தக் கிருமிகளைத்தான் முதலில் கொல்லுமாம். ஸ்பீக்கரில் இதைக் கேட்ட உன் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் ரெண்டு மாசமா கை செவக்க பிழிஞ்சி ஊத்தறேன். வேலைக்கு வந்த ஆளுங்கள நீ வாசல்லயே வெச்சி சாவடிச்சிட்டு இருந்துக்கற" என்றாள். மச்சான், ஆராய்ச்சி செய்கிறவர்கள் படித்துப் படித்துக் கண்டுபிடித்ததை உன் அக்கா மூக்காலும் காலண்டர் தாளாலும் கண்டுபிடித்தாள். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. மறுநாள் அவளே டீக்கடைக்கு வந்து, ஒரு டம்ளர் சாற்றைப் பச்சமுத்து கையில் கொடுத்துக் குடிக்க வைத்து, அவன் பல்லை அவனுக்கே கண்ணாடியில் காட்டிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் நான் ஊர் பார்க்கச் சிவந்த வாயோடு சிரிக்கிறேன்.

போன வாரம் மறுபடியும் பரிசோதனை. சர்க்கரைச் சராசரி 5.9, அழுத்தம் 130. நடையும், குறைத்த சோறும், இறங்கிய நாலு கிலோவும்தான் சர்க்கரைக்குப் பெரிய காரணம், சாற்றின் பங்கு அழுத்தத்தில் இருக்கலாம் என்று டாக்டரம்மா நியாயமாகத்தான் சொன்னார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம் என்றார். நடக்க வைத்ததும் சோற்றைக் குறைத்ததும் யார் என்று நீயே சொல். படிக்க வைத்திருந்தால் அவளே டாக்டராகியிருப்பாள். உங்கள் வீட்டில் எட்டாவதோடு நிறுத்தினீர்கள், என் வீட்டில் நான் அதையும் யோசிக்கவில்லை. நாம் ரெண்டு பேரும் அவளுக்குக் கடன்பட்டவர்கள்.

அமலாவுக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நோய் நொடி இல்லாமல் வளர்ந்து அத்தையைப் போல் புத்தியோடு இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு.

இப்படிக்கு,
உன் மாமா
விநாயகம்

பி.கு.: மேலே எழுதிய எதையும் நம்பாதே. தபால் தலை தேடி ரேஷன் அட்டை உறையைத் திறந்தேன். உள்ளே நாலாக மடித்த லேப் தாள். என்னுடையது என்று பிரித்தேன். பெயர் மகாலட்சுமி, வயது 54, போன வாரம் எனக்கு ரத்தம் எடுத்த அதே தேதி, சர்க்கரைச் சராசரி 7.4. துணைக்கு உள்ளே வந்தவள் தானும் கையை நீட்டியிருக்கிறாள். எட்டு நாளாக என் 5.9-ஐத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு, தன் தாளை மடித்து வைத்திருக்கிறாள். இது சாற்றில் சரியாகிற எண் இல்லை, மாத்திரை வேண்டும், டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டாவது போக வேண்டும். நான் கூப்பிட்டால் ஏதாவது சொல்லி மழுப்புவாள். நீ ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. இந்த மூன்று மாசத்தில் உனக்கும் பார்த்துவிடலாமா என்று நான் ஒரு நாள்கூட அவளைக் கேட்கவில்லை, மச்சான். உள்ளேயிருந்து சாறு குடிக்கக் கூப்பிடுகிறாள். எந்த முகத்தோடு போய் வாங்கிக் குடிப்பது என்று தெரியவில்லை.