அட்வான்ஸ் அண்ணே கூட்டி வைத்த பதினைந்து நிமிடம்

கெடா மாநிலத்தில் நேரத்துக்கு வந்த தமிழர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. நாங்கள் எல்லாரும் தாமதமாக வருவோம். அட்வான்ஸ் அண்ணே சீக்கிரம் வருவார். சொன்ன நேரத்துக்கு வரும் வழக்கம் இரண்டு கட்சிக்குமே கிடையாது.

மெர்கோங்கில் நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர் அவர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. ஜித்ராவில் ஒரு கல்யாண விருந்து. ஏழு மணிக்கு அழைப்பு. அண்ணே ஐந்தரைக்கே போய்விட்டார். சும்மா நிற்பானேன் என்று நாற்காலி போட உதவினார். எட்டரைக்கு வந்த விருந்தாளிகள், "அண்ணே, இந்த மேசைக்கு இன்னும் ரெண்டு நாற்காலி" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கடைசிவரை அவர் சாப்பிட உட்காரவே இல்லை.

'ஜாம்' என்று அவர் சொல்லும் சுவர்க் கடிகாரங்களை அச்சகம் முழுக்கப் பதினைந்து நிமிடம் கூட்டி வைத்திருந்தார், நாங்கள் சீக்கிரம் வரட்டும் என்று. நாங்கள் மனத்துக்குள் பதினைந்தைக் கழித்துவிட்டு நிதானமாக வந்தோம்.

நான் சேர்ந்து மூன்றாவது வாரம். என்னை நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று பாஸ் இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு சாயங்காலம் அண்ணே சொன்னபடி மாடியிலிருந்த கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றினேன். அச்சுக்குப் போகும் பக்கங்கள் எல்லாம் அதிலுள்ள ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். கீழே இருக்கும் லினக்ஸ் சர்வர் அந்த ஃபோல்டரை நெட்வொர்க் வழியாகத் தன்னோடு இணைத்துக்கொண்டு பக்கங்களை இயந்திரத்துக்கு அனுப்பும். மறுநாள் காலை பார்த்தால் ஃபோல்டர் காலி. இணைக்கச் சொன்னால், 'அனுமதி இல்லை' என்று ஒரே வரி. மெர்போக் கோயில் திருவிழா அழைப்பிதழ் மத்தியானத்துக்குள் தயாராக வேண்டும்.

"நேத்து பாஸ்வேர்ட் மாத்துனது யாரு?" என்றார் பாஸ். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மத்தியானத்துக்குள்ள சரியாகலன்னா, நாளைக்கு வர வேணாம் லா."

அண்ணே என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். கேபிளைப் பிடுங்கிச் செருகினோம். இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பதில் சொல்லின. பாஸ்வேர்டை ஏழு முறை அடித்தோம்.

"எல்லாம் சரியாத்தானே அடிக்கிற, தங்கச்சி?"

"பெத்துல்தாண்ணே, ஒரு எழுத்துகூடத் தப்பில்ல." எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு சர்வர் எழுதி வைத்திருந்த பிழைக் குறிப்புகளை வரிவரியாகப் படித்தேன். கடைசியில் ஒரு வரி: இரண்டு பக்கத்துக் கடிகாரங்களுக்கும் வித்தியாசம் மிக அதிகம். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாடிக் கம்ப்யூட்டர் யாரையும் உள்ளே விடாது. இதை நான் சத்தமாகப் படித்ததும் அண்ணே நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சர்வர் ஜாம்ல பதினஞ்சு நிமிஷம் கூட இருக்கும், தங்கச்சி."

"எப்படிண்ணே தெரியும்?"

"நாம காலையில விரல் வெக்கிற மெஷின் அதுலேர்ந்துதான் நேரம் எடுக்குது. சுவத்து ஜாமத்தான் நீங்க யாரும் நம்புறதில்லயே. அதான் நேத்து எல்லாரும் போனப்புறம் சர்வர்லயே தள்ளி வெச்சேன்."

நேரத்தைத் திருத்தினேன். மறுபடி இணைத்தேன். ஒரு மறுப்பும் இல்லாமல் ஃபோல்டர் திறந்தது. அழைப்பிதழ்ப் பக்கங்கள் வரிசையாக வந்து நின்றன. அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன்.

அப்புறம்தான் அடுத்த கவலை வந்தது. பாஸிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் அண்ணேக்குத் திட்டு. சொல்லாவிட்டால் என் வேலை போச்சு. யோசித்தபடி திரும்பினேன். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. பாஸ் அறைக் கதவு திறந்திருந்தது.

"நான்தான் பாஸ் ஜாம மாத்துனேன். அந்தப் பிள்ள மேல ஒண்ணும் இல்ல. அதுதான் கண்டுபிடிச்சுச்சு. அத வேலையில வெச்சுக்குங்க."

பாஸ் வெகுநேரம் திட்டினார். அண்ணே கையைக் கட்டிக்கொண்டு கேட்டுவிட்டு வெளியே வந்தார். "மணி பத்து பத்தாச்சு. வா, டீ குடிக்கலாம்" என்றார். அப்போது உண்மையில் பத்தாக இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

போகிற இடத்துக்கெல்லாம் சீக்கிரம் போய் அசடு வழிந்தவர், அன்று பாஸ் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே அங்கே போய் நின்றார். இன்றும் நான் அதே நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அண்ணே சொல்லும் நேரத்தில் மட்டும் பதினைந்தைக் கழிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.