எவர்சில்வருக்கும் கல்லடைப்பு

அன்றைக்கு அண்டியாபீசில் இருந்தவர்கள்: முதலாளி, சங்கிலி இழுக்க வந்த இரண்டு பேர், கூலி வாங்க வந்த நான்கு அக்காமார், நான், கல்லடைப்பு. முந்திரி ஆலையைத்தான் எங்கள் அருமனைப் பக்கம் அண்டியாபீஸ் என்போம். கல்லடைப்பு என்பது நோயல்ல, ஆள். எங்கள் வெல்டர். எவர்சில்வரைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதப் பிறவி.

கல்ஃபில் வேலை பார்த்தபோது ஒரு எஞ்சினியர் சொன்னாராம். எவர்சில்வரை வருசக்கணக்கில் செக்கச்செவேலென்ற சூட்டில் வைத்தால், அதிலுள்ள குரோமியம் அங்கங்கே இரும்போடு கூடிக் குறுணை குறுணையாகத் திரளுமாம். சூட்டில் ஒன்றும் தெரியாது. ஆறினால் சிலேட்டு மாதிரி ஒடியும்.

"மனுசனுக்கு கிட்னில கல்லு. இதுக்கு ஒடம்பெல்லாம் கல்லு, அண்ணே!"

அதிலிருந்து எதைக் கண்டாலும் சுத்தியலால் தட்டிக் காதை வைப்பான். என் சோற்றுப் பாத்திரத்தைத் தட்டினான். கல்யாண வீட்டில் சாம்பார் வாளியைத் தட்டினான். பெண்ணின் மாமன் அவனைத் தட்டினார். சபையில் காணிக்கைத் தட்டைத் தட்டியபோது போதகர் ஜெபத்தையே நிறுத்திவிட்டார். எதுவும் ஒடியவில்லை. சோறு வைக்கிற சூட்டுக்குக் கல் விழாது என்பதை எஞ்சினியர் சொல்லவில்லையோ, இவன் கேட்கவில்லையோ!

அன்றைக்கு, பல வருசம் தீயிலேயே சுழன்ற, முந்திரி வறுக்கும் எவர்சில்வர் டிரம்மைப் புதுக் கொட்டகைக்கு மாற்ற, ஆறப்போட்டிருந்தோம். அடியில் நின்று கட்டை வைக்க வேண்டியவன் நான். இடி இடித்தாலே கட்டிலுக்கடியில் போகிறவன்.

"மொதலாளி, ஆறினா ஒடியும்! தீ மூட்டி, சூட்டோட தூக்குங்க!"

"சூட்டோட யாரு லேய் பிடிப்பா, உங்கப்பனா?"

அக்காமார் சிரித்தார்கள். டிரம் என் தலைக்கு மேலே ஏறியது. சங்கிலி ஒரு குலுக்குக் குலுக்கியது. விளிம்பில் 'டிக்' என்று ஒரு சத்தம். கல்லடைப்பு பாய்ந்து, கையில் அகப்பட்டதை இழுத்தான். அகப்பட்டது என் இடுப்பு முண்டு. மானத்தைக் காக்க, முண்டு போன திசைக்கே நானும் ஓடினேன்.

நான் நின்ற இடத்தில் டிரம் விழுந்தது. விரல் கனத் தகடு பப்படம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. அக்காமார் கண்ணைப் பொத்தவும் மறந்து நின்றார்கள். முதலாளி ஒரு துண்டை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

இனி இவன் பெருமையைக் கேட்டுத் தீராது என்று திரும்பினேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே... சும்மா சொல்லிட்டேதான் நடந்தேன். நெசமாட்டே ஒடியும்னு நெனச்சில்ல அண்ணே."

அவன் நடுக்கம் நிற்கும்வரை, ஒரு கையில் முண்டையும் மறு கையில் அவனையும் பிடித்துக்கொண்டே நின்றேன்.