லேக் வியூ விவசாயி

எனக்குத் தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் பேச வரும். நாலில் ஒன்றில்கூட வாயை மூட வராது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதற்கும் (நான்தான் விட்டேன் என்று வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள்) அதுதான் காரணம். அந்த வாயால் என் அக்கா வீட்டுக்காரருக்கு நான் செய்த காரியத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். வீட்டில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

வீடு பெங்களூர் மர்பி டவுனில். வேலை ஆடுகோடியில், ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில். யார் எங்கே கூட்டம் போட்டாலும் போய் மைக் மாட்டி, 'செக் செக்' என்று சொல்லிவிட்டு ஓரமாக நிற்பது என் தொழில். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய கருத்தரங்கு. மேடையில் பேனர்: 'ஃபியூச்சர் ஆஃப் ஃபுட்'. வருங்காலத்தில் ஜனங்கள் என்ன சாப்பிடுவார்கள் என்று படித்தவர்கள் கூடிப் பேசுவது. (எங்கள் வீட்டில் மத்தியானம் என்ன சாப்பாடு என்பதே பன்னிரண்டு மணிக்குத்தான் தெரியும்.)

முந்தின நாள் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். ஏற்பாடு செய்கிற மேடம் போனில் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தார். புரொபசர்களோடு மேடையில் உட்கார ஒரு விவசாயி வருவதாக இருந்தது. அவர் கைவிரித்துவிட்டாராம்.

"மேடம், விவசாயிதானே வேணும்? எங்க மாமா இருக்காரு. ஒரிஜினல்."

"நிஜவாக்லூ?" என்றார், நிஜமாகவா என்று, உயிர் வந்த மாதிரி.

ஆக, நான் சப்ளை செய்த லிஸ்ட்: ஸ்பீக்கர் நாலு, மைக் ஆறு, விவசாயி ஒன்று.

அக்கா வீட்டுக்காரர் மாணிக்கம் மாமாவுக்கு அரூர் பக்கம் ரெண்டு ஏக்கர். சொந்தக்காரர் கல்யாணத்துக்குக்கூட நாலு தரம் கூப்பிட்டால்தான் வருவார். இதற்கு ஒரே போனில் சரி என்றது எனக்கே ஆச்சரியம். காலையில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர், சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுத் தாளை எடுத்துப் பிரித்தார். ஆறாவது படிக்கிற அவர் மகள் காவியா எழுதிக் கொடுத்தது. சிவப்பு மையில் மார்ஜின் கோடு, முத்து முத்தாகக் கையெழுத்து.

"போர்ல தண்ணி நின்னுபோச்சுடா. லேஅவுட்காரன் நிலத்தைக் கேக்கறான். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். மானாவாரியா அந்த மண்ணுல வேற என்ன போட்டாப் பொழைக்கலாம்னு பெரிய சார்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கணும். அவர் ஏதாவது ஒண்ணு சொன்னாருன்னா நான் விக்க மாட்டேன்."

"கேட்டுடலாம் மாமா. நம்ம மைக்தானே."

பெரிய சார் டில்லியிலிருந்து வந்த புரொபசர். அவருக்கு இங்கிலீஷ். மேடத்துக்குக் கன்னடம். மாமாவுக்குத் தமிழ் மட்டும். நடுவில் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே என்று மேடம் மேடையிலிருந்து என்னைப் பார்த்தார். 'எனக்கு அவ்வளவு தெரியாது மேடம்' என்று நான் சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியம் நாலு மொழியிலும் எனக்குத் தெரியும். சொல்லாமல் போய் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

புரொபசர் முதலில் உரையாற்றினார். வருங்காலத்தில் கீரை மண்ணே இல்லாமல் மாடி மாடியாக வளருமாம். கறியை ஆடு இல்லாமல் ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்துவிடுவார்களாம். மாமாவின் காதில் சொன்னேன்.

"அப்ப ஆடு என்னடா பண்ணும்?"

"ரிட்டயர்டு மாமா."

பிறகு புரொபசர் மாமா பக்கம் திரும்பி, "ஆர் யூ எ மார்ஜினல் ஃபார்மர்?" என்றார். மார்ஜினல் என்றால் கொஞ்சமே நிலம் உள்ளவர் என்று இப்போது தெரியும். அன்று எனக்குத் தெரிந்த ஒரே மார்ஜின், நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடுவது.

"ஓரத்துல இருக்கிற விவசாயியான்னு கேக்கறாரு மாமா."

"ஆமா. ஏரி ஓரம்தானே நம்ம நிலம்."

மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தேன். "யெஸ் சார். லேக் வியூ ஃபார்மர்."

இந்த ஊரில் சாக்கடை ஓரத்து அபார்ட்மென்டுக்கும் லேக் வியூ என்றுதான் பெயர். ஹாலே குலுங்கிச் சிரித்தது. ஐந்து வருஷமாக அடுத்தவர் பேச மைக் மாட்டியவன் நான். என் பேச்சுக்கு ஒரு ஹால் சிரித்தது அன்றுதான். தலைக்கு ஏறிவிட்டது.

அடுத்து, தண்ணீர் இல்லாதபோது செடிக்கு வரும் ஸ்ட்ரெஸ் பற்றிக் கேட்டார்.

"செடிக்கு டென்ஷன் வருமான்னு கேக்கறாரு மாமா."

"செடிக்கு என்னடா டென்ஷன்? எனக்குத்தான் டென்ஷன்."

"சார், பிளான்ட் நோ டென்ஷன். ஃபார்மர் ஒன்லி டென்ஷன்."

மறுபடியும் சிரிப்பு, கைதட்டல். புரொபசர் அதைக் குறித்துக்கொண்டார். மாமாவுக்கும் தைரியம் வந்துவிட்டது. எழுந்து நின்று தாளைப் பிரித்து, விரலை வரிக்கு வரி வைத்து, மகள் எழுதியதை நிதானமாகப் படித்தார். போர், ஏரி, மண், வெள்ளிக்கிழமை, எல்லாம் அதில் இருந்தது. முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். ஹாலும் என்னைப் பார்த்தது.

மானாவாரிக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அது பெரிய கஷ்டம் இல்லை. 'ஒன்லி ரெயின்' என்று இரண்டு வார்த்தை போதும். ஆனால் எல்லார் முகத்திலும் சிரிப்பு தயாராக இருந்தது. அதை ஏமாற்ற எனக்கு மனசு வரவில்லை.

"சார், ஹி இஸ் ஆஸ்கிங், ஃபியூச்சர் ஃபுட் எல்லாம் ஓகே. டுடே லஞ்ச் எப்போ?"

புரொபசர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெரி குட் கொஸ்டின்," என்று எழுந்தார். கூட்டம் முடிந்தது. அத்தனை பேரும் கைதட்டுவதைப் பார்த்த மாமா, தாளோடு சேர்த்துக் கையைக் குவித்து எல்லோரையும் கும்பிட்டார்.

"என்னடா சொன்னாரு?"

"நல்ல கேள்வின்னு சொன்னாரு மாமா." (இது பொய் இல்லை. கவனியுங்கள்.)

சாப்பாட்டு இடத்தில் மாமா தட்டு எடுக்கவில்லை. பதில் வரும் என்று தூண் பக்கம் நின்றார். அங்கே கூட்டிப் பெருக்கும் செல்வி அக்கா எங்கள் தெரு. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ஏண்டா, அந்த அண்ணன் கேட்டது ஒண்ணு, நீ சொன்னது ஒண்ணு."

"சும்மா தமாஷுக்குக்கா."

"அவரு தமாஷுக்குக் கேட்ட மாதிரி தெரியலயே."

அப்போதுதான் ஓடினேன். புரொபசரின் கார் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தது. மேடத்திடம் கேட்டிருக்கலாம், அவரும் படித்தவர்தான். கேட்டால் நான் மாற்றிச் சொன்னதையும் சொல்ல வேண்டும். அவரோ என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் தூக்கிக் காட்டினேன்.

"யோசிச்சுச் சொல்றேன்னாரு மாமா," என்றேன், பஸ் ஏற்றிவிடும்போது. (இது பொய்.)

வெள்ளிக்கிழமை வந்தது. மாமா லேஅவுட்காரனிடம் கெஞ்சி இன்னும் ஒரு வாரம் வாங்கினார். தினமும் சாயங்காலம் போன்.

"சார் ஏதாவது சொன்னாரா?"

"ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க மாமா."

அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு போன் வரவில்லை. இப்போது மாமாவின் நிலத்தில் ஒரு வளைவு கட்டி, பெயர் எழுதியிருக்கிறார்கள்: லேக் வியூ கார்டன். ஏரியில் தண்ணீர் இல்லை. வியூ மட்டும் இருக்கிறது.

மாமா ஹெப்பகோடியில் ஒரு அபார்ட்மென்டில் செக்யூரிட்டி. அக்காவும் காவியாவும் இங்கேயே வந்துவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கூடினால் 'லேக் வியூ வந்தாச்சா?' என்றுதான் மாமாவை விசாரிப்பார்கள். அவருக்குக் கோபமே வராது. எழுந்து நின்று, டென்ஷன் கதையை என் குரலிலேயே நடித்துக் காட்டுவார். கடைசியில் மட்டும் உட்கார்ந்து, கொஞ்சம் தணிந்து சொல்வார்.

"அந்த சாரைக் குத்தம் சொல்ல முடியாது. நான் கேட்டது அப்படிப்பட்ட கேள்வி. அவ்ளோ படிச்சவரு, பாவம், இன்னும் யோசிச்சுட்டு இருக்காரு."

எல்லோரும் சிரிப்பார்கள். என் சிரிப்புதான் எல்லாரையும்விடச் சத்தமாக இருக்கும்.

போன மாதம் காவியா கேட்டாள். "மாமா, அப்பா பேசினதை வீடியோ எடுத்தாங்களாமே. அந்தத் தாள்ல என்ன எழுதினேன்னு எனக்கே மறந்துபோச்சு. தேடிக் குடு."

"நெட் இல்ல பாப்பா," என்றேன்.

வீடியோ என் போனிலேயே இருக்கிறது. காவியா இப்போது பத்தாவது. இங்கிலீஷில் வகுப்பிலேயே முதலிடம். மார்க் சீட் வரும்போதெல்லாம் வீட்டில் அத்தனை பேருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். போய் ஸ்வீட் வாங்கி வருகிறேன், போனைக் கையோடு எடுத்துக்கொண்டு.