எங்கள் வீட்டுச் சான்றிதழ் அதிகாரி

தன்னைப் பற்றித் தானே சான்றிதழ் எழுதி, கீழே தானே கையெழுத்தும் போட்டு, அதை வீட்டில் எல்லோரும் நம்பியாக வேண்டும் என்று நிற்கும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். செருப்பு அலமாரிக்கு மேல் பச்சை விளக்கு மினுங்கும் கறுப்புப் பெட்டி இருக்கிறதா? அந்த வீட்டில் ஒருவர் நிச்சயம்.

எங்கள் வீட்டில் அது அண்ணன். நான்கு பேர் ஃபைல்களைச் சேமித்துப் பகிர்ந்துகொள்ளும் அந்தப் பெட்டிக்கு, வாசலில் உளவாளிகள் வரிசை கட்டி நிற்பதைப் போல, ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ‘இது நம் பெட்டிதான், நம்பலாம்’ என்று கணினிகளுக்கு உறுதி சொல்லும் பாதுகாப்புச் சான்றிதழ் தயாரித்தார். எங்கள் கணினிகளைப் பிடுங்கி அதை ஏற்றினார். செல்லாத சான்றிதழைக் கண்டால் பெட்டியின் கதவையே திறக்காதபடி அவற்றுக்குக் கட்டளையும் போட்டார். அம்மாவின் போனை மட்டும், “உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்று விட்டுவிட்டார். வழங்கியவர்: அண்ணன். பெற்றவர்: அண்ணன். ஆயுள்: ஒரு வருடம்.

அந்த ஒரு வருடம் எப்போது முடிந்தது தெரியுமா? பள்ளிக் கட்டடம் ஒன்றின் வரைபடத்தை அண்ணி பன்னிரண்டு மணிக்குள் அனுப்பியாக வேண்டிய நாளில்.

“என்னங்க, ஆறு மாச உழைப்பு உள்ளே கிடக்கு. திறங்க!”

“புதுசு போட்டா தீர்ந்தது. அஞ்சே நிமிஷம். பாஸ்வேர்டோட எல்லாம் விவரமா எழுதி வெச்சிருக்கேன்.”

“எங்கே?”

அண்ணன் மெல்லப் பெட்டியைப் பார்த்தார்.

“அதுக்குள்ளேயா?”

“பாதுகாப்பா இருக்கட்டும்னுதான்…”

“இருக்கு. ரொம்பப் பாதுகாப்பா இருக்கு.”

பதினொன்றே முக்கால். அண்ணி கண் கலங்கியபோது, அம்மா தன் போனில் அந்தப் பெட்டியைத் திறந்து நீட்டினார். “இந்தப் படமாம்மா?”

அதே வரைபடம்! அம்மாவின் போனிலிருந்தே, இரண்டு நிமிடம் மிச்சமிருக்க, அது போய்ச் சேர்ந்தது.

அண்ணன் போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “சிவப்பா எச்சரிக்கை வந்திருக்குமே, படிக்கலையா?”

“வருஷம் பூரா வருதே. ‘இதை வழங்கியவரை நம்ப முடியாது’ன்னு போட்டிருக்கும். நான் பெத்த பிள்ளை, எனக்குத் தெரியாதா? பரவாயில்லை, தொடரவும்னு அழுத்திட்டுப் போயிட்டே இருப்பேன்.”

சிரிக்கிறீர்களா? “நான் சொல்றேன்ல, நம்பு” என்று நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்? அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று வீட்டில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.