மூன்று கொட்டேஷனும் முப்பத்திரண்டு பல்லும்

உலகம் தோன்றிய நாள் முதல் தணிக்கையில் ஒரு 'ஆட்சேபணை'கூட வாங்காமல் ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் ராஜபாளையத்தில் குடியிருக்கும் பால்சாமிதான். பேரூராட்சி ஒன்றில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்தார். எந்தப் பேரூராட்சி என்று சொல்வதற்கில்லை, ஊர்ப்பெயர் கெட்டுவிடும். மூன்று கொட்டேஷன் இல்லாமல் ஒரு துடைப்பம்கூட அவர் வாங்கியதில்லை. இப்போதும் குக்கர் வாஷருக்கு மூன்று கடை ஏறி இறங்கி, விலைகளைத் தாளில் எழுதி, குறைந்ததற்கு டிக் அடித்துத்தான் வாங்குவார்.

அப்பேர்ப்பட்டவரின் ஈறில் ரத்தம் கசிந்தது. கீழ்ப்பல் இரண்டு ஆடின.

"தலையணை உறையெல்லாம் கறை. போய்க் காட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி மாரிக்கனி.

பல் டாக்டர் மகாலட்சுமி மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் விட்டு, "நாலு, அஞ்சு, ஏழு" என்று சொல்லச் சொல்ல, நர்ஸ் எழுதிக்கொண்டாள்.

"என்னம்மா, ஏலம் விடுதீகளா?"

"ஆழம் சார். மில்லிமீட்டர் கணக்கு. மூணுக்குள்ள இருக்கணும், உங்களுக்கு ஏழு வரைக்கும் போகுது. அடியில காரை படிஞ்சு கிடக்கு. வாயை நாலு பகுதியாப் பிரிச்சு, மரத்துப்போக ஊசி போட்டு, வேர் வரைக்கும் சுரண்டணும். பகுதிக்கு ரெண்டாயிரம், மொத்தம் எட்டாயிரம். இந்த மாசமே செஞ்சா அந்த ரெண்டு பல்லையும் காப்பாத்தப் பார்க்கலாம்."

"வெளியே போர்டுல எண்ணூறுன்னுல்லா போட்டிருக்கு?"

"அது மேலாப்புல சுத்தம் பண்ணுறதுக்கு. இது அடியில."

"தூர்வாருற மாதிரியா?"

"அதேதான் சார்."

பால்சாமிக்கு விலை முழுவதும் 'விளங்கி'விட்டது. தூர்வாருவதைப் பற்றி அவருக்கே பாடமா? அவர் காலத்தில் ஆறு ஊருணிகள் தூர்வாரப்பட்டன. மதிப்பீட்டில் ஐந்தடி ஆழம். களத்தில் கருவேலஞ்செடியை வெட்டி, கரையைச் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பலகை நட்டு, போட்டோ எடுத்தார்கள். சேறு பாட்டுக்குச் சேறு கிடந்தது. அளவுப் புத்தகம் டீக்கடையில் வைத்து எழுதப்பட்டது. 'பணி திருப்திகரமாக முடிந்தது' என்று பால்சாமி எழுதிக் கையெழுத்துப் போட, பில் பாஸானது. ஆழத்தை யார் இறங்கிப் பார்க்கப் போகிறார்கள்? ஆகவே எட்டாயிரத்தில் எண்ணூறுதான் வேலை, மீதியெல்லாம் 'ஆழம்'.

"ஏழுன்னு நீங்களா எழுதிக்கிட்டீக. சரிபார்த்தது யாரு?"

"உங்க பல்லு ஆடுதே சார்."

இவ்வளவு துணிச்சலாகப் பேசும் ஒப்பந்தக்காரரை அவர் சர்வீஸில் பார்த்ததே கிடையாது.

ராஜபாளையத்திலேயே இன்னொரு இடத்தில் ஏழாயிரத்து ஐநூறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சந்துக்குள் 'ஆழச் சுத்தம் உட்பட' எழுநூறு. பால்சாமி ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்து மாரிக்கனியின் 'ஒப்புதலுக்கு' வைத்தார்.

"பல்லுக்கு டெண்டர் விட்ட ஆள நான் எங்கயும் பாத்ததில்ல. அந்த டாக்டரம்மா அளந்துல்லா சொல்லுது?"

"அளவு எழுதுறதப் பத்தி எனக்குத் தெரியாதாக்கும்?"

"கையெழுத்துப் போடுதேன். பொறவு தினமும் கஞ்சி காய்ச்சச் சொல்லக் கூடாது."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் போகும்போது, தூர்வாரிய ஊருணிகளில் ஒன்று ஜன்னலில் தெரிந்தது. கரை பளிச்சென்று இருந்தது. தண்ணீர் மட்டும் இல்லை. குடங்கள் லாரிக்காக வரிசையில் நின்றன. பால்சாமி கரையைப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

சந்துக்குள் பதினொரு நிமிடத்தில் பணி முடிந்தது. ஊசி இல்லை, வலி இல்லை, கம்பியும் இல்லை. கண்ணாடியில் பல் சுண்ணாம்புக் கரையாக மின்னியது. அவர்கள் கேட்காமலேயே, பழக்க தோஷத்தில், பில்லின் கீழே 'பணி திருப்திகரமாக முடிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு, பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு மாதம் வரை, சிரிக்க வேண்டாத இடத்தில்கூடச் சிரித்தார்.

நாலாவது மாதம் ஒரு வளைகாப்பு வீட்டில் பால்கோவா கொடுத்தார்கள். பல்லே இல்லாத குழந்தை சாப்பிடும் பண்டம் அது. அதைத் தின்னும்போது பால்சாமியின் கீழ்ப்பல் கழன்று இலையில் விழுந்தது. மாரிக்கனி பார்த்தாள், தன் பால்கோவாவை நிதானமாகத் தின்று முடித்தாள். அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. பக்கத்துப் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்தார். அதுவும் கிளம்பத் தயாராக இருந்தது.

பல்லைத் தாளில் மடித்துக்கொண்டு மகாலட்சுமியிடமே போனார். டாக்டர் மறுபடியும் கம்பியை விட்டார். ஏழு, ஒன்பதாகியிருந்தது.

"இந்தப் பக்கத்துப் பல்லையும் எடுத்துற வேண்டியதுதான் சார். மத்தத வேணா காப்பாத்தலாம். இடையில எங்கயாவது சுத்தம் பண்ணுனீங்களா?"

பால்சாமி பில்லை எடுத்து நீட்டினார். டாக்டர் அதைப் படித்துவிட்டு, வாய்க்குள் இன்னொரு தடவை விளக்கடித்துப் பார்த்தார்.

"மேல மட்டும் சுரண்டிப் பளபளன்னு ஆக்கியிருக்காங்க. அடியில கையே வைக்கல. இதப் போய் திருப்தியா முடிஞ்சதுன்னு எழுதியிருக்கு. உள்ள எட்டிக்கூடப் பார்க்காம யாரு சார் இதுல கையெழுத்துப் போட்டது?"

முப்பத்தோரு வருடத்தில் எந்தத் தணிக்கையும் அவரிடம் கேட்காத கேள்வி அது.

"நான்தாம்மா" என்றார் பால்சாமி. பல் போன இடத்தில் காற்று வந்தது. "பல்லுக்கு ஒரு தடவ. அதுக்கு முன்னால, ஊருணிக்கு ஆறு தடவ."