ஒரே ஒரு எல்

கணினியின் பெட்டியைத் திறந்து மூன்றாவது முறையாக மூடியபோது ஒரு திருகாணி மிச்சமிருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?" என்றாள் அவள்.

"கம்பெனிக்காரன் எப்பவும் ஒண்ணு கூடுதலாப் போடுவான்," என்றபடி கணவன் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவள் மெய்ப்புத் திருத்துபவள். அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை பிடிப்பது தொழில். பழைய பதிப்பகத்தை மூடிவிட்டார்கள். ஆறு மாதமாக வேலையில்லை. இன்று மாலை ஐந்து மணிக்குப் பெரிய பதிப்பகம் ஒன்று இணையம் வழியாகத் தேர்வு வைக்கிறது. நாற்பது நிமிடம், நூறு பிழை, தொண்ணூறையாவது பிடிக்க வேண்டும். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

இந்த வீட்டுக்குக் குடிவந்து நான்கு நாள்தான் ஆகிறது. இணைய இணைப்புத் தருபவர் அடுத்த வாரம் வருவதாகச் சொல்லிவிட்டார். சுவர்கள் தடிமனானவை. வாசலுக்கு வெளியே போய் நின்றால்தான் கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு தெரியும். நல்லவேளையாக, மாடியில் குடியிருக்கும் அக்கா தேர்வுக்குத் தன் வைஃபையைத் தருவதாகச் சொல்லி, கடவுச்சொல்லை ஒரு சீட்டில் எழுதித் தந்திருந்தார்.

"வைஃபை பேரு மட்டும் அப்பப்போ மாறும்மா. உங்களுக்குத்தான் தெரியுமே," என்று சிரித்தார்.

அவளுக்கு என்ன தெரியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கக் கூச்சம். அவளும் சிரித்து வைத்தாள்.

வீட்டில் இருந்த ஒரே கைப்பேசியில் வைஃபை பழுதாகிக் கிடந்தது. மேசைக் கணினிக்கோ காற்றில் வருவதைப் பிடிக்கத் தெரியாது. அதற்கு வயர்லெஸ் கார்டு ஒன்று மாட்ட வேண்டும். நேற்று கணவன் கடைக்குப் போனான். "ஸ்லாட் சின்னதா, நீளமா?" என்று கடைக்காரர் கேட்டதற்கு, செருப்பு வாங்குகிறவன் போல, "நடுத்தரம்" என்று சொல்லியிருக்கிறான். வாங்கி வந்தது பொருந்தவில்லை. இன்று அவளே பெட்டியின் உட்புறத்தைப் படமெடுத்துக்கொண்டு போய், சின்ன ஸ்லாட்டில் பொருந்தும் கார்டை வாங்கி வந்தாள். பின்னால் இரண்டு கொம்புகள் வைத்தது.

"வயர்லெஸ்னு பேரு வச்சிட்டு ரெண்டு கம்பியை நீட்டிக்கிட்டு நிக்குது பாரு," என்றான் கணவன்.

கார்டை அழுத்தி உட்காரவைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். கணினி மூன்று முறை அலறிவிட்டு இருண்டது. கார்டை மாட்டும்போது கணவனின் முழங்கை நினைவகப் பட்டையை அசைத்திருந்தது. அதைச் சரிசெய்தால், கார்டை இயக்கும் மென்பொருள் குறுந்தகட்டில் இருந்தது. கணினியில் குறுந்தகடு போட வழியே இல்லை. அவள் வாசலில் அந்த ஒரு கோட்டை நம்பி முக்கால் மணி நேரம் நின்று, கைப்பேசியில் அதை இறக்கி, உள்ளே வந்து ஏற்றினாள்.

நாலு பத்துக்கு வைஃபை பட்டியல் திறந்தது. இரண்டே பெயர்கள். இரண்டும் ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ்.

முதலாவது: 'சத்தம் தாங்க முடியலை.'

இரண்டாவதை அவள் வாய்விட்டுப் படித்தாள். "நான் பார்த்துக் கொல்கிறேன்."

"கொள்கிறேன்," என்று திருத்தினான் கணவன். "இங்கிலீஷ்ல இருக்கறதே ஒரே ஒரு எல். ரெண்டுக்கும் அதைத்தான் போட்டாகணும்."

"அப்போ இது எந்த எல்?"

"நல்ல எல்லுதான்."

லகரத்துக்கும் ளகரத்துக்கும் இடையில் ஓர் உயிரே போய்விடும் என்று இத்தனை ஆண்டு வேலையில் அவளுக்கு இவ்வளவு துல்லியமாகத் தோன்றியதில்லை.

"மாடியில அண்ணனுக்கும் அக்காவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை போல," என்றான் கணவன். "ஆளுக்கொரு வைஃபை வச்சுக்கிட்டு, பேரை மாத்தி மாத்திச் சண்டை போடறாங்க. எவ்வளவு நிம்மதி பாரு. நாமளும் இப்படிச் செய்யலாம்."

"நாம பேசிக்கிட்டுதானே இருக்கோம்?"

"அதைத்தான் சொல்றேன்."

சீட்டில் இருந்த கடவுச்சொல்லை முதல் பெயர் ஏற்கவில்லை. இரண்டாவது ஏற்றது. ஆனால் அதற்கு ஒரே ஒரு கோடுதான். தேர்வுப் பக்கம் பாதியில் நின்றது. முதல் பெயருக்குக் கோடுகள் நிறைந்திருந்தன. அதன்மேல் சொடுக்கினாள். நூறு சதவீதம் என்றது. கார்டோடு வந்த கையேட்டைப் புரட்டினாள்.

"என்னங்க, நூறுன்னா அந்தக் கருவி இதே ரூம்ல இருக்குன்னு அர்த்தமாம்."

கணவன் அறையைச் சுற்றிப் பார்த்தான். மேசை, நாற்காலி, பிரிக்காத நான்கு அட்டைப்பெட்டிகள், வெறும் பின்சுவர்.

"அண்ணன் நம்ம தலைக்கு நேர் மேல உட்கார்ந்திருப்பார்," என்றான்.

கொம்புகளைத் திருப்பினார்கள். இருந்த ஒரு கோடும் போனது. "பின்சுவர்கிட்ட தள்ளிப் பார்ப்போம்," என்று கணவன் மேசையை இழுத்தான். தரை கிறீச்சிட்டது. பட்டியல் ஒருமுறை கண்சிமிட்டியது. முதல் பெயர் மாறியிருந்தது.

'மேசையை இழுக்காதீங்க.'

அவள் மேசையிலிருந்து கையை எடுத்தாள்.

"கீழே இழுத்தா மேலே கேக்காதா பின்னே?" என்றான் கணவன். குரல் முன்னைவிடச் சன்னமாக இருந்தது. "சரி, தூக்கிட்டே போயிடலாம்."

தூக்கினார்கள். மேசை சுவரில் தொம்மென்று மோதியது. கார்டு தன் இடத்திலிருந்து நழுவியது. பட்டியலே மறைந்துபோனது. கணவன் சட்டைப்பைக்குள் கையை விட்டு அந்தத் திருகாணியை எடுத்து நீட்டினான். கார்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய ஆணி அதுதான்.

"கம்பெனிக்காரன் கூடுதலாப் போட்டது?" என்றாள் அவள்.

"முடுக்கு, முடுக்கு. நேரமாச்சு."

நாலு ஐம்பதுக்குப் பட்டியல் திரும்பி வந்தது.

'இன்னும் எவ்வளவு நேரம்' என்றது முதல் பெயர்.

'கொஞ்சம் பொறுத்துக் கொல்லவும்' என்று இரண்டாவதைப் படித்தாள்.

"கொள்ளவும்," என்றான் கணவன். சொல்லிவிட்டுப் போய், கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தான்.

இந்த இடத்தில் இரண்டாவது பெயருக்கு மூன்று கோடுகள் வந்தன. ஐந்து மணிக்குத் தேர்வு திறந்தது. நாற்பது நிமிடமும் கணவன் செருப்பைக் கழற்றிவிட்டு, பின்சுவருக்குச் சற்று எட்டவே நின்றான். தும்மல் வந்தபோது தலையணைக்குள் தும்மினான். அவள் முதுகில் மட்டும் யாரோ வரிவரியாகப் படிப்பது போல ஒரு குறுகுறுப்பு. திரும்பிப் பார்க்க நேரமில்லை. கடைசி நொடியில் அனுப்பினாள்.

திரையில் உடனே முடிவு வந்தது: தொண்ணூற்றாறு. திங்கள்கிழமை முதல் வேலை. விட்ட நான்கும் லகர ளகரப் பிழைகள்.

கணவன் சத்தமில்லாமல் குதித்தான். அப்போது கதவு தட்டப்பட்டது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"நான்தாம்மா, மாடியக்கா. டெஸ்ட் என்னாச்சு?"

கதவைத் திறந்தாள். "பாஸ்க்கா! திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாங்க."

"அப்பாடா. உனக்காக நான் மிக்ஸியைக்கூடத் தொடலை."

"அண்ணன்கிட்டயும் மன்னிப்புக் கேட்டதா சொல்லுங்கக்கா," என்றான் கணவன். "மேசையை இழுத்து அவருக்குத் தொந்தரவு கொடுத்துட்டோம்."

"எந்த அண்ணன்?"

"உங்க வீட்டுக்காரர்தான். வைஃபையிலயே சண்டை போட்டுக்கறீங்களே."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அவரு வெளிநாட்டுல வேலை பார்க்கறார் தம்பி. வருஷத்துக்கு ஒரு தடவைதான் வருவார். நான் யாரோட சண்டை போட? நீங்க குடிவந்த நாள்லேருந்து கீழேருந்து சத்தம், சத்தம்னு எழுதிக்கிட்டே இருக்கீங்க. நேர்ல சொல்லக் கூச்சப்படற பொண்ணு போலன்னு நானும் பேரை மாத்திப் பதில் போட்டேன். இன்னைக்கு மேசைன்னு வந்துச்சு. நான் எந்த மேசையை இழுத்தேன்னுதான் புரியலை."

அவள் கணினியின் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கொம்புகளைக் காட்டினாள்.

"அக்கா, எங்ககிட்ட வைஃபையே கிடையாது. இந்தக் கார்டே இன்னைக்குத்தான் மாட்டினோம்."

அக்காவின் உதட்டில் சிரிப்பு அப்படியே நின்றது. கண்கள் மட்டும் அவர்கள் இருவரையும் தாண்டி, மேசையையும் தாண்டி, பின்சுவருக்குப் போயின.

"அப்போ, கொஞ்சம் பொறுத்துக் கொள்ளச் சொல்லி நான் எழுதினது யாருக்கு?"